மூன்று அடி மௌனத்துக்கு ஒரு படிவம்

1

இன்றோடு ஜெர்மனிக்கு வந்து ஒரு வருஷம். காலையிலேயே குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா ஒரு ரோஜாப்பூ படத்தைப் போட்டு, ஒரு வருஷமாக என்ன படித்தாய், ஊருக்குச் சொல்லு கண்ணு என்று கேட்டிருந்தார். பெரியப்பா பீளமேட்டில் தண்ணீர் மோட்டார் தயாரிக்கிறவர். இந்த ஜூலை வரை அவரைப் பொறுத்தவரை நான் படித்தது மோட்டார் சத்தத்தைக் குறைக்கிற படிப்பு. அப்பா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

உண்மையில் நான் படிப்பது இசையமைப்பு. "அப்படிச் சொன்னா எந்தப் படத்துக்குன்னு கேப்பாங்க அம்முணி. ஜெர்மனி, சவுண்டு, இன்ஜினியரிங்கு. இத்தோட நிறுத்திக்கலாம்" என்பது நான் விமானம் ஏறுவதற்கு முன்பே அப்பா எடுத்த முடிவு. எங்கள் தென்னந்தோப்பு ஆனைமலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஜெர்மனி என்றால் மெஷின். மெஷினோடு ஒட்டாத எதையும் படிக்க ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பினால் வீட்டில் ஏதோ கோளாறு என்று பேசிக்கொள்வார்கள்.

தீபாவளிக்குப் பெரியப்பா தன் புது மோட்டாரின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினார். இதில் 'ங்ஙொய்' என்று ஒன்று வருகிறதே, அதை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டார். நல்ல சுருதியில்தான் இருக்கிறது பெரியப்பா, அப்படியே விட்டுவிடுங்கள் என்று பதில் போட்டேன். அன்றிலிருந்து என் படிப்பின் மேல் அவருக்கு ஒரு சந்தேகம்.

ஆகவே பெரியப்பாவுக்கும், குழுவில் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிற மற்ற நாற்பது பேருக்கும்: நான் படித்தது இதுதான்.

2

பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்த நான்கு வருஷமும் நான் ஒரு பெரிய ஆள். லேப்டாப்பில் பாட்டுப் போடுவேன், கல்லூரி விழாவில் ஓடவிடுவேன், ஆடிட்டோரியமே கத்தும். அந்தக் கத்தலை நம்பித்தான் இங்கே வந்தேன்.

இங்கே கத்த ஆளில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு அறை, நான், பேராசிரியர் லிண்ட்னர், அவருடைய பென்சில். நான் எழுதிக்கொண்டு போன தாளை அவர் சத்தமில்லாமல் படிப்பார். படித்து முடித்து, "சுவாரஸ்யம்" என்பார். சுவாரஸ்யம் என்று சொன்னால் இங்கே செத்துப்போச்சு என்று அர்த்தம். அது தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. அதுவரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் வீட்டுக்குப் போன் செய்து, வாத்தியார் பாராட்டினார் என்று சீன் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் முதல் மூன்று படைப்புகளையும் கேட்டுவிட்டு, ஏதாவது துணிக்கடைக்காக எழுதியதா என்று கேட்டார். மனிதர் கோயமுத்தூர் பக்கமே வந்ததில்லை. நான் ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு இசை போட்டவள் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

இன்னொரு வியாதியும் எனக்கு இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் பஸ்ஸில் கால் மிதிபட்டால்கூட மிதித்தவரிடம் இரண்டு 'ங்க' போட்டுப் பேசுகிறவர்கள். அதே பழக்கத்தில் என் ஜெர்மனில் வாக்கியத்துக்கு இரண்டு 'தயவுசெய்து' விழும். இந்த இடத்தில் ஏன் புல்லாங்குழல் என்று அவர் கேட்டால், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், தயவுசெய்து, என்பேன். அவர் காரணம்தான் கேட்டார், எடுக்கச் சொல்லவில்லை. ஒருநாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, உன் இசையும் உன்னைப் போலவே கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நிற்கிறது என்றார்.

அன்றைக்குத்தான் உன் வீட்டில் என்ன கேட்பாய் என்று விசாரித்தார். போனில் இருந்த ஒரு வீடியோவைக் காட்டினேன்.

போன வருஷ ஆடியில், இங்கே கிளம்பி வருவதற்கு முன்னால், எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு மொட்டை மாடியில் நின்று எடுத்தது. திருவிழாவை எங்கள் பக்கம் நோம்பி என்போம். நோம்பி என்றால் வாசலுக்கு ஜமாப் செட் வரும். கழுத்தில் பெரிய மேளங்களும் தப்பட்டைகளும் மாட்டிய பதினான்கு பேர். அவர்கள் அடித்தால் ஜன்னல் கண்ணாடி பதறும்.

வீடியோவில் ஓர் இடத்தில் மொத்த செட்டும் திடீரென்று நின்றுவிடுகிறது. மூன்று அடி நேரத்துக்குச் சுத்தமான மௌனம். பிறகு எங்கோ பின்னாலிருந்து ஒற்றைத் தப்பட்டை, விழவேண்டிய இடத்துக்கு அரை அடி தள்ளி விழுகிறது. அடுத்த நொடி பதினான்கு பேரும் அந்த இடறலின் மேலேயே ஏறி ஓடுகிறார்கள்.

லிண்ட்னர் அதை ஆறு முறை போட்டுப் பார்த்தார்.

இதை யோசித்தது யார் என்று கேட்டார். நாட்டுப்புறம், இரண்டாயிரம் வருஷப் பழமை என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. வயது தெரியாத எதற்கும் இரண்டாயிரம் என்று போட்டுவிடுவது நம் வழக்கம்தானே. அவருக்குக் கண் விரிந்தது. சடங்கு, மரணம், தெய்வத்தின் மூச்சு என்று அவரே அடுக்கிக்கொண்டு போனார். நான் பக்தியோடு தலையாட்டினேன். அவருக்கும் நான் ஒரு ஜவுளிக்கடைதான் நடத்தினேன், சரக்குதான் வேறு.

3

முதல் வருஷ முடிவில் ஒவ்வொரு மாணவரும் எட்டு நிமிஷ இசை ஒன்று எழுத வேண்டும். கல்லூரியின் பன்னிரண்டு கலைஞர்கள் மேடையில் வாசிப்பார்கள். நடுவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் இரண்டாம் வருஷம் இல்லை. இரண்டாம் வருஷம் இல்லாவிட்டால் தங்கும் அனுமதி இல்லை. அது இல்லாவிட்டால் பீளமேட்டில் ஏதாவது ஒரு ஐடி ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜி.

நான் அந்த மூன்று அடி மௌனத்தை நடுவில் வைத்து ஒன்று எழுதினேன். தலைப்பு 'மூச்சு'. மௌனத்துக்குப் பிறகு தம்பூரா, மணி, ஒரே தெய்வீகம். லிண்ட்னர் முதல்முறையாக சுவாரஸ்யம் என்று சொல்லவில்லை.

அதை வாசிக்க அனுமதி கேட்டு மே மாதம் அலுவலகத்தில் படிவம் கொடுத்தேன். அங்கே ஃப்ராவ் க்ராஸ் என்றொரு அம்மாள். நான்காவது கட்டத்தில், பிறர் உருவாக்கிய இசை இருந்தால் அவர் பெயரும் சம்மதமும் வேண்டும் என்று போட்டிருந்தது. நான் எழுதியிருந்தது: நாட்டுப்புற இசை, ஆக்கியவர் தெரியவில்லை, என் வீட்டு மாடியிலிருந்து சென்ற ஆண்டு நானே பதிவு செய்தது.

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "அவர் உயிரோடு இருக்கிறார். உங்கள் வாசலில் நிற்கிறார். நீங்கள் படம் எடுக்கிறீர்கள். அப்புறம் எப்படித் தெரியாதவர் ஆனார்?"

எங்கள் ஊரின் சமூகச் சூழலை விளக்க ஆரம்பித்தேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார். மறுநாள் 'ஆனைமலை மக்கள்' என்று மாற்றி எழுதிக்கொண்டு போனேன். எத்தனை பேர், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டம் நிரம்பாவிட்டால் என் இசை மேடை ஏறாது.

4

வீட்டுக்குப் போன் செய்தேன்.

"நம்ம நோம்பிக்கு வர்ற ஜமாப் செட்டுக்காரரு பேரு என்னங்கப்பா?"

"ஜமாப்காரன்னுதான் போன்ல போட்டு வெச்சிருக்கறேன். அவனுக்கெதுக்கு இப்பப் பேரு?"

அப்பா மரியாதை தெரியாதவர் இல்லை. காய்கறி வண்டிக்காரரிடம் 'ங்க', கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரிடம் 'ங்க', ராங் நம்பருக்கும் 'ங்க'. எங்கள் மாட்டுக்கு லட்சுமி என்று பெயர். எட்டு வருஷமாக வாசலில் வந்து அடிக்கிறவருக்கு மட்டும் பெயர் கிடையாது. நோம்பியன்று வருகிற எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி, செட்டுக்கு மட்டும் பேப்பர் கப். கழுவுகிற வேலை மிச்சம் என்று அம்மா காரணம் சொல்லுவாள். நான் மட்டும் என்ன கிழித்தேன். எட்டு வருஷம் அந்த அடிக்கு மாடியில் ஆடியிருக்கிறேன். நானும் கேட்டதில்லை.

ஜெர்மன்காரர்கள் பெயர் கேட்கிறார்கள் என்று விளக்கினேன். "நோம்பி நம்முளுது, வாசல் நம்முளுது. எம் பேரப் போட்டுரு அம்முணி" என்றார். மனதார உதவி செய்கிற குரல் அது. அதுதான் கொடுமை.

நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

5

அவர் பெயர் நாகராசு. முப்பது வயதுதான். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை, விசேஷ நாட்களில் ஜமாப். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தேன். 'நீ' என்று ஆரம்பிக்க வாய் போனது. வளர்ந்த வீடு அப்படி. கடைசி நொடியில் 'அண்ணா'வுக்கு மாற்றினேன். எங்கள் தோப்பைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டேன்.

"ஏனுங்க, பண்ணாடியூட்டு அம்முணிங்களா?" என்றார். தோட்டத்து முதலாளியை அங்கே வேலைக்கு வருகிறவர்கள் பண்ணாடி என்பார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். இரண்டாயிரம் வருஷத்தையும் சேர்த்தே சொன்னேன். அவர் வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"எதுங்க, நின்னு எடுக்கறதா? அது போன ஆடியில உங்கூட்டு வாசல்ல உண்டானதுங்க. உங்கப்பாருக்குப் போன் வந்துதுங்க. தேங்கா யாவாரியாட்ட இருக்குது. ஒரு கையி காதுல, ஒரு கைய மேல தூக்கி நிறுத்துன்னு காட்டுனாருங்க. நிறுத்திப்போட்டோம். அவரு பேசிக்கிட்டே உள்ள திரும்புனாருங்க, பின்னால நின்ன என்ற மச்சான் அவசரத்துல தட்டிப்போட்டான், தப்பான எடத்துல. அப்படியே உட்டா அசிங்கமாயிருமுங்க. அதனால அந்தத் தப்பையே மொத அடியா, தலையா வெச்சுத் தூக்கிட்டேன்."

மாடியிலிருந்து எடுத்த வீடியோவில் போர்டிகோவுக்கு அடியில் நின்ற அப்பா விழவில்லை. தெய்வத்தின் மூச்சு என்று நான் எட்டு நிமிஷம் எழுதி வைத்திருந்தது தேங்காய் வியாபாரியின் போன்கால்.

அப்படியானால் யார் போட்டது என்று எழுதுவது என்று கேட்டேன்.

"நிறுத்துனது உங்கப்பாருங்க. தப்படிச்சது மச்சானுங்க. எடுத்தது நானுங்க. எடுத்ததுதானுங்க அடி."

அதோடு விடவில்லை. அடுத்த நோம்பியில் அதையே வேண்டுமென்று செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு அடி நிறுத்தினால் பற்றவில்லை, நான்கு நிறுத்தினால் முடிந்துவிட்டது என்று சனம் நகர்ந்துவிடுகிறது, மூன்றுதான் சரி என்று கண்டுபிடித்திருக்கிறார். மௌனம் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்று லிண்ட்னர் எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் எடுத்திருந்தார். இவர் ஒரு வாய் ரசஞ்சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் முடித்துவிட்டார்.

அடிக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். சொல்லத் தயங்கினார். வற்புறுத்தியதும் சொன்னார்: பண்ணாடி கை. ஒரு கையைக் காதில் வைத்து இன்னொரு கையைத் தூக்கினால் ஆட்டம் நிற்கும். பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் ஒரு வருஷமாக எல்லா நோம்பியிலும் என் அப்பாவை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்குத்தான் தெரியாது.

உங்கள் பெயரைப் போடுகிறேன், அடியின் பெயரை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன்.

"போடறதுன்னா முழுசாப் போடுங்க. எம் பேரு, அடி பேரு, அது எப்படி வந்துதுங்கறது. பாதியப் போட்டுப் பாதிய மறைக்கறதுன்னா வேண்டாங்க."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா இந்த நோம்பிக்கு உங்களக் கூப்புட மாட்டாருங்கண்ணா."

"கூப்புடாட்டிப் போறாருங்க. ஆடி மாசத்துல எங்களுக்கு ஊருக்கா பஞ்சம்? நீங்க யோசிச்சுக்கங்க. திரும்ப அந்த ஊட்டுக்கு வர வேண்டியது நீங்கதானுங்க."

நான்கு நாள் யோசித்தேன். அதில் இரண்டு நாள் யோசித்தது, அப்பா பெயரையே போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று. நேர்மையாகச் சொல்கிறேன், மிகவும் வசதியான யோசனை அது. வெள்ளிக்கிழமை காலை நாகராசு வாட்ஸப்பில் தன் கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கூட ஒரு வரி: 'வேணுமுன்னா வெச்சுக்குங்க, இல்லாட்டி அழிச்சுப்போடுங்க.' அழிக்கக் கை வரவில்லை. நான்காவது கட்டத்தில் முழுசாக எழுதினேன். ஃப்ராவ் க்ராஸ் படித்துவிட்டு, இவ்வளவு எளிய விஷயத்துக்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்டார்.

6

லிண்ட்னரிடம் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. நிகழ்ச்சிக் குறிப்பில் 'ஆதிகாலச் சடங்கு' என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பென்சிலால் அடித்துவிட்டுக் கேட்டார்:

"அப்படியானால் அதற்குப் பிறகு வரும் தம்பூராவும் மணியும் எதற்கு?"

எடுத்துவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று தெரிந்தது. அவை பொய் என்றேன். மௌனத்துக்குப் பிறகு நடந்தது பிரார்த்தனை இல்லை, ஒருவர் தப்பு செய்தார், இன்னொருவர் அதைக் காப்பாற்றினார், அதைத்தான் எழுதவேண்டும் என்றேன். அன்று முழுக்க ஒரு 'தயவுசெய்து' கூட விழவில்லை என்பது அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

மூன்று வாரத்தில் தலைப்பையும் பின்பாதியையும் மொத்தமாக மாற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டு பேரில் ஒருவர் இடறுவார், மற்றவர்கள் அந்த இடறலையே தலையாக வைத்துத் தூக்கவேண்டும். ஓரிடத்தில் லிண்ட்னர், இங்கே மௌனம் நான்கு அடி இருக்கலாமே என்று பென்சிலை நீட்டினார். சனம் போய்விடும் என்றேன்.

7

நிகழ்ச்சி ஜூலை முதல் ஞாயிறு, முற்பகல். ஊரில் மதியம், கறிச்சாப்பாடு முடிந்த நேரம். நேரலை என்பதால் எங்கள் வீட்டு டிவி முன்னால் பெரியப்பா வரை எல்லோரும் ஆஜர். திரையில் ஜெர்மன் எழுத்தில் குறிப்பு வந்ததும் பெரியப்பா தன் போனை டிவிக்கு நேராகப் பிடித்தார். அதில் மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறது, அதைக் காட்டிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம். மில் சங்கு மாதிரி குரலில் வாசித்தார்:

"பண்ணாடி கை. மூல அடி, நாகராசு, ஆனைமலை. நில உரிமையாளருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் கையை உயர்த்தினார். மேளக்காரர்கள் கீழ்ப்படிந்தனர்."

வாசித்து முடித்த பிறகுதான் அர்த்தம் புரிந்திருக்கிறது. "தம்பி, இது உன்ற கையாட்ட இருக்குதே" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அதற்குள் மேடையில் இசைக்குழுவை நடத்துகிறவர் ஒரு கையைக் காதுக்குக் கொண்டுபோய் மறு கையைத் தூக்கிவிட்டார். அம்மாதான் இதையெல்லாம் பிறகு சொன்னாள்.

நான் தேறிவிட்டேன். நடுவர்களில் ஒருவர், இந்த இசையில் மரியாதை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்று குறிப்பு எழுதியிருந்தார். ஊருக்கு வந்து பார்க்கட்டும்.

மறுநாள் அப்பாவின் போன்.

"அவம் பேர எதுக்கு உம் பேருக்கு மேல போட்டே?"

"அவருதானுங்கப்பா மொதல்ல போட்டாரு."

"இது ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"ஒரு வருசமா ஆடிக்கிட்டிருக்காங்கப்பா."

போன் வைக்கப்பட்டது. அதன் பிறகு எனக்கு அப்பாவின் செய்திகள் அம்மா வழியாகத்தான் வந்தன. சாப்பிட்டாளா என்று கேட்கச் சொன்னார், குளிர் எப்படி என்று கேட்கச் சொன்னார். அது ஜூலை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

8

ஆடி நோம்பிக்கு நாகராசுவிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததை அப்பா ரத்து செய்தார். நாகராசு எனக்கு எழுதியது ஒரே வரி: அன்றைக்கு உடுமலைப் பக்கம் போகிறோம், ஒன்றும் பிரச்சினை இல்லை. நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய பத்து வரிக்குக் கட்டைவிரல் ஒன்றைப் போட்டார்.

பதிலுக்கு அப்பா கொடுமுடியிலிருந்து ஒரு செட்டை வரவழைத்தார். பக்கத்தில் இருபது செட் இருக்க, நூறு கிலோமீட்டர் தாண்டிக் காவேரிக்கரை வரைக்கும் போன காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

நோம்பி முடிந்த அன்று மாலையே அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"வந்தாங்க, மொதல்ல என்னென்னமோ அடிச்சாங்க, நல்லாத்தான் இருந்துது. அப்பறம் ஒருத்தன் மைக்க வாங்கி, 'அடுத்து அடிக்கறது ஆனைமலை நாகராசண்ணன் கட்டுனதுங்க, அவரு பேரச் சொல்லித்தான் அடிக்கோணும்'ங்கறான். சனமெல்லாம் ஒரு கையக் காதுல வெச்சுக்கிட்டு ஒரு கையத் தூக்குது. நம்ம வாசல்ல. உங்கப்பா போர்டிகோவுல நிக்கறாரு."

"நிறுத்தச் சொல்லலீங்களா?"

"எப்படிக் கண்ணு சொல்றது? கையத் தூக்கிக் காட்டுனா இவரும் சேந்து ஆடறாருன்னல்ல நெனைப்பாங்க. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, அவிக அடிச்சு முடிக்கற வரைக்கும் அப்படியே நின்னாரு."